நெருங்கிய உறவு என்றால் யார்?

ஊராட்சிச் செயலராக இருந்து தீர்மான நோட்டு எழுதியே பழகிய கை என்னுடையது. எந்தச் சட்டத்தைப் படித்தாலும், இந்த வரி எந்தத் தகராறில் பிறந்தது என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடுவதற்கு உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுச் சுவரைவிட நல்ல இடம் கிடையாது.

முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919 வாக்கில், வாரியங்கள் என்ற நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க அந்த ஊர்ச்சபை விதி வகுத்தது. இரண்டே ஆண்டில், அரசனின் அதிகாரி உடனிருக்க, அதே சபை அதைத் திருத்தியது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது, 35 முதல் 70 வரை என்றானது. அது சின்ன மாற்றம். பெரிய மாற்றம் உறவு விஷயத்தில். பதவி முடித்து இறங்கியவர்களின் நெருங்கிய உறவினர் வரக்கூடாது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது முதல் விதி. நெருங்கிய உறவு என்றால் யார்? சித்தி மகனா, மைத்துனனா? ஊருக்குள் எல்லாருமே ஏதோ ஒரு வழியில் சொந்தம்தானே! இரண்டாம் விதி அந்தச் சந்துக்கே இடம் வைக்கவில்லை. வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவனை விலக்கியதோடு, அவனுடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லி விலக்கியது.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையிலும் இதே கவனம். குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குபவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். இந்த வரியை எழுதவைத்த சம்பவம் கல்லில் இல்லை. ஆனால் எவனோ ஒருவன் விரலிடுக்கில் வேறோர் ஓலையை வைத்திருந்திருப்பான் என்றே என் அனுபவம் சொல்கிறது.

அது பிராமணர்களின் சபை. பொதுவாகக் கால் வேலி நிலமாவது வேண்டும், பெண்களுக்கு இடமில்லை. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்று எங்களுக்குச் சாசனம் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதை ஊராட்சியே திருத்திக்கொள்ள முடியாது. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வரவேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இடஒதுக்கீடு 2016-இல் பாதியானது அந்த வழியில்தான். அந்த ஆண்டு நடக்கவேண்டிய தேர்தல் நடக்காமல், தனி அலுவலர்களே ஊராட்சியை நடத்தினார்கள். ஆகவே திருத்தம் பெரும்பாலான கிராமங்களில் உயிர்பெற 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் மாறிவிட்டது, ஊர் மாறவில்லை என்ற அந்த இடைவெளி என்னை மிகவும் வருத்தியது.

திருத்தம் வந்தால் புத்தகத்தில் பழைய வரிமேல் புதியதை ஒட்டிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழையது தெரியும்படி ஓரத்தில் ஒட்டச் சொல்வேன். உத்திரமேரூரில் முதல் கல்வெட்டைச் செதுக்கி எறிந்திருந்தால், இரண்டாவது எதற்காக வந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஊராட்சிக்குச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் இல்லைதான்; மாற்றக் கேட்கும் வாய் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால், தீர்மானம் கோப்பில் தூங்கும். எந்தப் பிரிவு தடுத்தது, அதனால் ஊரில் எந்த வேலை நின்றது, அந்த வரி எப்படி மாறவேண்டும் என்பதைக் கூட்டம் கலைவதற்குள் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்கிறேன், புதிதாக வரும் செயலர்களிடம்.