அண்ணன் நெற்றியில் தங்கச்சி பூசிய திருநீறு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. பாதியில கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் கமெண்ட் போடுங்க.

போன வாரம் சித்திரை சதயம், அப்பர் சுவாமிகள் குருபூஜை. வழக்கம்போல மண்டபத்தில் வரலாறு சொன்னார்கள். மருள்நீக்கியார் சமணத்துக்குப் போனது, அங்கே தருமசேனர் என்று பெரிய பேர் எடுத்தது, சூலை நோய் வந்து துடித்தது, ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியார் மடத்து வாசலில் வந்து நின்றது. திலகவதியார் அவரைப் பார்த்து, "போனவன்தானே, ஏன் வந்த?" என்று கேட்கவில்லை. திருநீற்றை எடுத்துக் கொடுத்து, விடியும் முன்னே திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

வருஷா வருஷம் கேட்கிற கதைதான். ஆனால் இந்த வருஷம் எங்கள் தொண்டர் குழுவில் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மடப்பள்ளி அண்ணன் இல்லாத முதல் குருபூஜை இது. அவர் நெற்றியில் கடைசி வரைக்கும் திருநீறு பூசிவிட்டது யார் என்று எங்களுக்குத் தெரியும். அது நாங்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அண்ணனைத் தெரியாதவர்களுக்கு: முப்பது வருஷத்துக்கு மேல் நம்ம கோயில் மடப்பள்ளியில் அன்னதானச் சமையல் அவர் கைதான். சாம்பார் கொதிக்கும் வாசனையிலேயே உப்பு குறைவா கூடுதலா என்று சொல்லிவிடுவார். தைப்பூசத்துக்கு மூன்று நாள் தூங்கமாட்டார். மனைவி முன்னமே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கேட்டால், "பசியோட வர்றதெல்லாம் நம்ம புள்ளைங்கதான்" என்பார்.

அவருக்கு ஒரே தங்கச்சி. தோட்டத்தில் அம்மா அப்பா சின்ன வயசிலேயே போய்விட, பால்மரம் வெட்டி அந்தத் தங்கச்சியை வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவர் அண்ணன்தான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அந்த அக்கா குடும்பத்தோடு வேதத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கே அண்ணன், "எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்குத் தீபாவளி அந்த அக்கா முறுக்கு டின்னோடு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். அண்ணன் திறக்கமாட்டார். டின்னைக் கேட்டில் மாட்டிவிட்டு அக்கா போய்விடுவார்.

நாங்கள் என்ன செய்தோம்? "சரியா செஞ்சீங்கண்ணே" என்றோம். அவர் பிடிவாதத்துக்கு எண்ணெய் ஊற்றியது நாங்கள்தான்.

எங்களுக்கும் மனவருத்தம் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் போய், "எங்க சாமிய கும்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறோம். தாத்தா காலத்துச் சாமிப் படங்களைக் கழற்றி வைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறோம். அந்த வலி பொய் இல்லை. ஆனால் அந்த வலியை எல்லார் மேலேயும் ஒரே மாதிரி கொட்டினோம், அதுதான் தப்பு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எங்கள் ஊர் புக்கிட் மெர்தாஜாம் பக்கம். ஜூலை 26 செயின்ட் ஆன் திருவிழா என்றால் நம்ம ஆட்கள் எத்தனை பேர் போகிறோம்! எங்கள் அம்மாமார்கள் "மாதா கோயிலுக்குப் போறேன்" என்று கிளம்பி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஊற்றுத் தண்ணியைப் பாட்டிலில் பிடித்து வருவார்கள். அதில் யாருக்கும் குற்றம் தெரியவில்லை. கூடப்பிறந்தவளை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தோம்.

போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அண்ணனுக்கு ஸ்ட்ரோக். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாங்கள் ஓடினோம், ஓடவில்லை என்று சொல்லமாட்டோம். வாட்ஸ்அப் குரூப்பில் காசு சேர்த்தோம். மைலோ டின், ஆரஞ்சுப் பழம் எல்லாம் வாங்கிப் போனோம். யார் எந்த நாள் போய்ப் பார்ப்பது என்று பட்டியல்கூடப் போட்டோம். மூன்று வாரம் பட்டியல் நடந்தது. அப்புறம் பங்குனி உத்திரம் வந்தது, வேலை வந்தது. யாரும் வேணும்னு விடவில்லை. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும் நாள் வந்தபோது கூட்டிப் போக ஆள் இல்லை. தங்கச்சிதான் வந்து கையெழுத்துப் போட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

அந்தச் செய்தி வந்ததும் குரூப் சூடாகிவிட்டது. "ஆள மாத்தப் போறாங்க." "ஞானஸ்நானம் குடுத்துட்டு அவங்க முறையில அடக்கம் பண்ணிடுவாங்க பாரு." "லாயரப் பாத்து வைப்போமா?" இதெல்லாம் நாங்கள் எழுதியது. அண்ணன் சாப்பிட்டாரா என்று ஒருத்தர்கூட எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேர் போனோம். பார்க்கப் போகவில்லை, சோதிக்கப் போனோம். ஃபிளாட்டில் கீழ்வீடு. ஹாலில் ஜன்னல் ஓரமாக அண்ணன் கட்டில். ஹாலின் ஒரு சுவரில் சிலுவை. கட்டில் பக்கத்துச் சுவரில் அண்ணன் வீட்டில் இருந்த அதே முருகன் படம். கால்மாட்டில் ஒரு ஸ்டூல், அதில் திருநீற்றுச் சம்படம். கைப்பேசியில் தேவாரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அக்கா அவருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி முடித்திருந்தார். எங்களைப் பார்த்து, "உக்காருங்க தம்பி" என்றவர், சம்படத்தைத் திறந்து அண்ணன் நெற்றியில் பூசினார். கோடு கொஞ்சம் கோணல்.

"எந்த விரல்ல பூசணும்னு மறந்து போச்சு தம்பி. மூணு விரல்தானே? நான் சரியா பூசலேன்னா அண்ணன் மூஞ்சியச் சுளிக்கிறாரு."

எங்களில் ஒருத்தர் எழுந்து போய் எந்த மூன்று விரல் என்று காட்டிக் கொடுத்தார். அக்கா மறுபடியும் பூசினார். அண்ணன் கண் ஓரத்தில் தண்ணீர்.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "மாசத்துல கார்த்திகை, சஷ்டி என்னைக்குன்னு கொஞ்சம் மெசேஜ் போட்டு விடுங்க தம்பி. அன்னைக்கு அண்ணன் கவுச்சி சேக்கமாட்டாரு. எனக்கு நாள் தெரியல, தப்பா குடுத்துடக் கூடாது."

லாயரைப் பார்க்கலாம் என்று எழுதினவர் லிஃப்டைத் தாண்டி கார் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறமும் நாங்கள் அடிக்கடி போனோம் என்று சொன்னால் பொய். மாதம் ஒரு தடவை, அதுவும் சில மாதம் இல்லை. அக்கா மாதக்கணக்கில் பார்த்தார். படுக்கைப் புண் வரக்கூடாது என்று ராத்திரியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போட்டார். பம்பர்ஸ், பால் மாவு செலவெல்லாம் அவர்கள் தலையில். லோரி ஓட்டும் அவர் வீட்டுக்காரர், வேலை முடிந்து வந்த களைப்பிலும் மச்சானைத் தூக்கிக் குளிக்க வைத்தார். எந்த மச்சான்? இத்தனை வருஷம் ஒரு தடவைகூட, "வாங்க" என்று சொல்லாத மச்சான்.

அக்காவின் சபையிலும் சிலர் கேட்டிருக்கிறார்கள், "நீங்க எப்படி விபூதி பூசலாம்?" என்று. அக்கா சொன்ன பதிலை அவர் வீட்டுக்காரர்தான் எங்களிடம் சொன்னார்: "அது என் நம்பிக்கை இல்ல, எங்கண்ணனோட நம்பிக்கை. அவரு கை விளங்கல. அதனால என் கையால பூசுறேன்."

இந்த வருஷம் மாசியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் குழுத் தலைவருக்குப் போன். "அண்ணன் போயிட்டாரு தம்பி. நினைவு இருக்கும்போதே கேட்டு வச்சிட்டேன். அவரு முறைப்படிதான் எல்லாம் நடக்கணும்னு தலையாட்டினாரு. எனக்கு ஒன்னும் தெரியாது. நீங்க வந்து நடத்தி வைங்க."

போய்ப் பார்த்தால் புது வேட்டி, துண்டு, அவருடைய உருத்திராட்சம், தேவாரப் புத்தகம் எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். எங்கள் குழுவில் ஒரு தம்பி கொள்ளி வைத்தார். மின்சுடலைக்குப் போகும்வரை திருமுறை ஓதினோம். பண்டாரம் எல்லாருக்கும் திருநீறு கொடுத்து வந்தபோது அக்கா கைகூப்பிக்கொண்டு ஒரு அடி பின்னால் நின்றார். வாங்கவில்லை. யாரோ முணுமுணுத்தார்கள். எங்களில் ஒருத்தர் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது. மாதக்கணக்கில் அண்ணனுக்குப் பூசினார், தனக்குப் பூசிக்கொள்ளவில்லை. அண்ணன் நம்பிக்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை, தன் நம்பிக்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு நேர்மை வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டோம்: "எப்படிக்கா முடிஞ்சது? அவரு உங்கள வாசல்லயே விடலையே."

"கோவம் இல்லாம இருக்குமா தம்பி? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால மூணு நாள் ஜெபம் பண்ணேன். போகாம இருக்க ஒரு காரணம் கிடைக்காதான்னுதான் முதல்ல பாத்தேன். அந்தச் சமாரியன் கதைதான் விடல" என்றார். பிறகு கதையைச் சொன்னார். இயேசு சொன்ன கதை, லூக்கா எழுதின சுவிசேஷத்தில் இருக்கிறதாம்.

எருசலேமில் இருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருத்தனைத் திருடர்கள் அடித்துப்போட்டுப் போய்விட்டார்கள். குற்றுயிராகக் கிடக்கிறான். ஒரு குருக்கள் வந்தார், பார்த்தார், ஒதுங்கிப் போய்விட்டார். அடுத்து ஒரு லேவியர் வந்தார், அவரும் ஒதுங்கிப் போய்விட்டார். மூன்றாவதாக ஒரு சமாரியன். சமாரியர்களுக்கும் யூதர்களுக்கும் ஆகவே ஆகாது, அவர்கள் வேறு மலையில் சாமி கும்பிடுகிறவர்கள். அவன்தான் காயத்தில் எண்ணெயும் திராட்சை ரசமும் விட்டுக் கட்டி, தன் கழுதையில் ஏற்றி, ஒரு சத்திரத்தில் சேர்த்தான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு, அந்தக் காலத்தில் இரண்டு நாள் கூலி, கொடுத்து, "மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்" என்றானாம்.

"லேவியர்னா யாருக்கா?" என்று கேட்டோம்.

அக்கா கொஞ்சம் தயங்கினார். "அவங்க... கோயில்ல தொண்டு செய்றவங்க தம்பி."

சாப்பாட்டுப் பந்தியில் யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா எங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கதையில் நாங்கள் யார் என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது.

அக்கா வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். "கிறிஸ்தவர்" என்ற பேரை ஆரம்பத்தில் அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லையாம். அந்தியோகியா என்ற ஊரில்தான் சீடர்களுக்கு முதல் முதலில் அந்தப் பேர் வந்தது, அதுவும் வெளியே இருந்து பார்த்த ஜனங்கள் கூப்பிட்ட பேர் என்கிறார்களாம். புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் அந்த வார்த்தை மூன்றே இடத்தில்தான் வருகிறதாம்.

அது எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது. அக்காவை நாங்களும் அந்தப் பேரால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், "கிறிஸ்டியனா போயிட்டா" என்று, ஏச்சாக. இன்றைக்கும் அதே பேரைத்தான் சொல்கிறோம். இப்போது சொல்லும்போது குரல் இறங்குகிறது. உண்மையான கிறிஸ்தவர் யார் என்று எங்களைக் கேட்டால், சிலுவை போட்டவரையோ, மேடையில் பேசுகிறவரையோ காட்டமாட்டோம். தன்னைத் தள்ளி வைத்த அண்ணனுக்கு, அவர் முகம் சுளிக்காதபடி, மூன்று விரலால் திருநீறு பூசக் கற்றுக்கொண்ட அந்த அக்காவைக் காட்டுவோம்.

ஒன்று தெளிவாகச் சொல்கிறோம். யாரையும் மதம் மாறச் சொல்ல இந்தப் பதிவு இல்லை. எங்களுக்கு அப்பன் ஈசன்தான். திலகவதியார் எங்கள் வீட்டுப் பெண். அவர் செய்ததை இன்னொரு வீட்டுப் பெண் செய்து காட்டினார், அவ்வளவுதான். "பக்தர்", "அடியார்", "தொண்டர்" என்று நமக்கு நாமே டீ-ஷர்ட்டில் அச்சடித்துக்கொள்கிறோம். படுக்கையில் கிடந்த அண்ணனைக் கேட்டிருந்தால் எங்களுக்கு என்ன பேர் சொல்லியிருப்பார்?

அதனால் ஒரு சின்ன முடிவு எடுத்திருக்கிறோம். வர்ற ஞாயிறு முதல் காலை பூஜை முடிந்ததும், நடமாட முடியாமல் வீட்டில் இருக்கும் நம்ம கோயில் பழைய தொண்டர்களையும் பக்தர்களையும் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்க்கிறோம். பிரசாதம் கொண்டு போவோம். உடம்பு துடைக்க, துணி துவைக்க, கிளினிக் கூட்டிப் போக என்ன உதவி வேண்டுமோ செய்வோம். பார்த்துக்கொள்கிறவர்கள் எந்த மதமாக இருந்தாலும் அவர்களுக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுப்போம். பட்டியல் கோயில் ஆபீசில் இருக்கிறது. இந்தத் தடவை மூன்று வாரத்தில் நிற்காது. நின்றால் எங்களைக் கேளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்து யாராவது அப்படி இருந்தால் கமெண்டில் பேர் போடாதீர்கள், ஆபீசில் நேரில் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு இந்த வருஷம் முறுக்கு டின் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நாங்கள் போகிறோம். கேட் திறந்திருக்கும் என்று தெரியும்.

திருச்சிற்றம்பலம்.