கருவேலத்துக்கு மூன்றாவது பெயர்

வடசென்னையில் டோல்கேட் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை சாலையோரத்திலும் கரையிலும் முளைக்கும் தாவரங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதற்கு அடிப்படை, பி.வி. மாயூரநாதன் எழுதி 1929இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்ட நூல். சென்னை நகரின் பூக்கும் தாவரங்களைப் பற்றியது. லிவிங்ஸ்டன், ஹென்றி இருவரும் 1994இல் அதைத் திருத்தித் தந்தார்கள். அதன் பிறகும் பெயர்கள் ஓயவில்லை.

கருவேலத்தையே பாருங்கள். பழைய நூல்களில் அகேசியா அராபிகா. பிறகு அகேசியா நைலோடிகா. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கியது. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதிசெய்தது. அதுவரை அந்தப் பேரினத்துக்கே மாதிரி இனமாக இருந்தது நம் கருவேலம்! அதுதான் வெளியேறி வாச்செலியா நைலோடிகா ஆனது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதைவிட இது எளிது என்றார்கள். கணக்கு புரிகிறது, மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வாச்செலியா என்றே எழுதுகிறேன். பட்டியலில் என் கோபத்துக்கு இடமில்லை.

சீமைக்கருவேல் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும், தரிசையெல்லாம் வளைத்துக்கொண்ட சீமைக்கருவேலும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2022இல் அதைப் பிரித்தார்கள். வன்னி புரோசோபிஸ் சினரேரியாவாகவே நீடிக்க, சீமைக்கருவேல் நெல்டூமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. ஆனால் பட்டியல் போடுபவருக்கு இங்கேதான் வேலை கடினம். இனப்பெயர் இல்லாமல் வெறும் ‘புரோசோபிஸ்’ என்று யாரோ எழுதி வைத்த வரியைக் கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிட முடியாது. இடத்துக்குப் போய் முள்ளையும் காயையும் பார்த்தாக வேண்டும். மரத்தை வெட்டியிருந்தால் அந்த வரி சந்தேகக் குறியோடு அப்படியே கிடக்கட்டும்.

எண்ணூர்ப் பக்கத்து உப்புச் சதுப்பில் உமரி என்று பொதுவாகச் சொல்லும் செடிகளில் ஒன்று முன்பு ஆர்த்ரோக்னெமம் இண்டிகம். 1980இல் ஹாலோசார்சியா, 2007இல் டெக்டிகார்னியா. பேரினம் மாறினாலும் ‘இண்டிகா’ கூடவே வருகிறது, முதலில் பெயரிட்ட வில்டெனோவும் அடைப்புக்குறிக்குள் உடன் வருகிறார். அச்சில் அழகில்லை என்று பலர் வெட்டிவிடும் அந்த அடைப்புக்குறிதான் எனக்கு வழிகாட்டி. அதைப் பிடித்துக்கொண்டால் மூன்று பெயரும் ஒரே செடி என்று தெரிந்துவிடும்.

பழைய பெயருக்கும் புதியதற்கும் உள்ள தொடர்பை விட்டால் எண்ணிக்கை கெடும். இரண்டு பழைய பட்டியல்களை ஒட்டவைத்தால் எக்லிப்டா ஆல்பா ஒரு வரியிலும் எக்லிப்டா ப்ராஸ்ட்ராட்டா இன்னொரு வரியிலும் வந்து நிற்கும். இரண்டும் கரிசலாங்கண்ணிதான். கழிமுகத்தில் எத்தனை இனம் என்பதைப் பார்த்து ஆலைக்கு அனுமதி பேசும் வட்டாரத்தில் இது சின்ன விஷயமல்ல.

இன்றைய பெயர் எது என்று அறிய லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலை எல்லாரும் பார்க்கிறோம், நல்லதுதான். பட்டியல் போடும் மாணவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: புதுப்பெயர் எழுதும்போது பழையதை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே எந்த நூல், எந்த நாள், எந்த இடம் என்று குறித்து வையுங்கள். இன்றைய பெயரும் மாறக்கூடும்.