பதினைந்தும் ஐம்பதும்

பழைய கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. 1950-களில் செய்த மாரிஸ் மைனர் ஒன்றை மெருகு குலையாமல் வைத்திருக்கிறார். "இதெல்லாம் அந்தக் காலத்தோடு சரி, ஸார். இப்போது வருகிற கார்களை ஐம்பது வருஷம் கழித்து யார் சீந்துவார்கள்? எல்லாம் தகர டப்பா!" என்பது அவருடைய தீர்ப்பு.

இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உற்பத்தியாயிற்று. அதையும் அந்நாளில் தகரம் என்றுதான் பரிகாசம் செய்தார்கள். இன்று அதைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுகிறவர்கள் எத்தனையோ பேர். மலிவாக விற்றது, ஊரெல்லாம் ஓடியது என்பவை ஒரு காருக்குக் குறையே அல்ல. சிறு வயதில் எந்தக் காரின் ஜன்னலோரத்துக்காகத் தம்பியோடு சண்டை போட்டோமோ, அதுதான் பிற்பாடு நமக்குப் புஷ்பக விமானம்.

என் வீட்டிலும் ஒரு புஷ்பக விமானம் நிற்கிறது. என் தகப்பனார் 1996-ல் வாங்கிய மாருதி 800. 1983-ல் தொடங்கி 2014-ல் முடிந்துபோன வம்சம் அது. தகப்பனார் போய்விட்டார். ஸ்டீரிங்கில் அவர் கை தேய்த்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. "இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு இது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சட்டமும் அதையேதான் கேட்கிறது. 15 வயது நிரம்பிய காரைப் பரிசோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். டில்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்கள் ஓடக்கூடாது என்றே 2018-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆனால் அதே கார் உருக் குலையாமல் 50 வயதைத் தொட்டுவிட்டால், 2021-ல் வந்த விதிப்படி அது 'விண்டேஜ்'. 'விஏ' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் கிடைக்கும்! நடுவிலுள்ள 35 வருஷம் அதை யார் காப்பாற்றுவது? சதாபிஷேகச் சாப்பாட்டுக்கு ஊரே வரும். அதுவரை கஞ்சி ஊற்றுகிறவன் ஒருவன்தான்.

என் 800-க்கு 2046-ல் ஐம்பது நிரம்பும். எனக்கு அப்போது அறுபத்தாறு. அதுவரை கஞ்சி ஊற்ற முடியும் என்று தைரியமாக இருக்கிறேன். காரணம், அதில் இருப்பது கார்புரேட்டர். எங்கள் தெரு மெக்கானிக் அதைக் கழற்றி, பெட்ரோலில் அலம்பி, ஜெட்டை வாயால் ஊதி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கவும் ஆள் உண்டு.

என் பையனுக்கோ இந்தக் கார் என்றால் இளப்பம். அவனுடைய காதல் எல்லாம் நாங்கள் புதிதாக வாங்கிய, திரை வைத்த கார் மேல். அதில் பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று தீர்மானிப்பது ஓர் எலெக்ட்ரானிக் பெட்டி. ஒரு நாள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. ஒரு கருவியைச் சொருகிப் படித்துவிட்டு, "கம்பெனிக்குத்தான் போகணும் ஸார்" என்று மூடியைச் சாத்திவிட்டார்.

என் கவலை இங்கேதான். புதுக் காரின் உடம்பு பழையதைவிடக் கெட்டி, சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பெட்டி செத்து, கம்பெனியும் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால், எந்தப் பட்டறையில் கடைந்து எடுப்பது? கெட்டிக்காரர்கள் வேறொரு மூளையைப் பொருத்தலாம். அப்போது அது அதே கார்தானா என்ற வேதாந்த விசாரம் கிளம்பும். தயாரிப்பை நிறுத்துகிற அன்று, அந்தப் பெட்டியின் ரகசியங்களைக் கம்பெனிகள் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைவிடப் பெரிய உபகாரம் நாளைய ரசிகர்களுக்கு வேறு கிடையாது.

ஆக, நண்பருக்கு என் பதில் இதுதான்: இன்றைய கார்களை ஆசைப்பட ஆள் இருப்பார்கள், பிழைக்க வைக்க வழி இருக்குமா என்பதே சந்தேகம். என் பையன் ஐம்பது வயதில் அந்தத் திரை வைத்த காரைத் தேடி அலைவான். அவனுக்காக இப்போதே கொஞ்சம் பரிதாபப்படுகிறேன்.

நடுவில், பழைய இரும்புக்காரர் மாதம் தவறாமல் வந்து 800-க்கு விலை கேட்கிறார். கிலோக் கணக்கில்தான் கேட்கிறார். அந்தக் கணக்கில் கொடுப்பதாக இல்லை.