முதல் கேசட்

சியாட்டில் மழைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்த பேர்ல் ஜாம் என்ற ராக் பேண்ட் 1991 ஆகஸ்டில் முதல் ஆல்பம் போட்டது, பேர் ‘டென்’. அமெரிக்காவில் மட்டும் கோடிக்கு மேல் விற்றது. ஆனாலும் வாசித்தவர்களுக்கே ஒரு மனக்குறை: எதிரொலி ஜாஸ்தி. 2009-இல் பிரெண்டன் ஓ’பிரையனை வைத்துப் பழைய ஒலிநாடாவிலிருந்தே புதிதாக மிக்ஸ் செய்தார்கள். பழைய மிக்ஸையும் கூடவே கொடுத்தார்கள். அது நாணயம்.

*

பழையதைத் திருத்தும் இந்த வேலை குற்றாலத்துக்குப் புதுசில்லை. அங்கே இருந்த ரசிகமணி டி.கே.சி. கம்பனுக்கு இதைத்தான் செய்தார். இடைச்செருகல் என்று பட்டதையெல்லாம் தள்ளினார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். பண்டிதர்களுக்குக் கோபம். பேர்ல் ஜாம் திருத்தியது தன் சொந்தப் பாட்டை. கம்பனிடம் யார் அனுமதி கேட்டது? நியாயம் பண்டிதர் பக்கம். ஆனால் படிக்க நான் எடுப்பது டி.கே.சி. பதிப்பைத்தான்.

*

நமக்கு முதல் ஆல்பம் என்றால் ‘ரோஜா’. 1992 ஆகஸ்ட். அதற்கு முன் ஏ.ஆர். ரஹ்மானும் பேண்ட்காரர்தான்: சிவமணி இருந்த ரூட்ஸ், பிறகு நெமிசிஸ் அவென்யூ. கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டூடியோவில் பிறந்த பாட்டுகள். கதைப்படி ரோஜாவுக்குச் சொந்த ஊர், தென்காசிக்குப் பக்கத்திலிருக்கும் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் இப்போதும் அங்கே கார்கள் வரிசை கட்டும்.

அப்போது டீக்கடை டேப்ரிக்கார்டரில் ‘ரோஜா’ பாட்டுகளின் பேஸ் ஸ்பீக்கரைக் கிழிக்கும். இப்போது ஹெட்ஃபோனில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் கிழிந்த சத்தம்தான் எனக்கு ‘ரோஜா’.

*

2017 ஜூலை, லண்டன் வெம்பிளி. ரஹ்மான் திரைக்கு வந்து 25 வருஷம் ஆனதற்குக் கச்சேரி. தலைப்பு ‘நேற்று இன்று நாளை’. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தலைப்பைப் படித்துவிட்டாவது வந்திருக்கலாம். ‘ரோஜா’ அவர்களுக்கு டப்பிங்கில் போனது. முதல் ஆல்பத்தைக் கொண்டாடினால் அது பிறந்த பாஷையும் கூடவே வரத்தான் செய்யும்.

*

பழைய ஆல்பத்தை மேடையில் திரும்ப வாசிப்பதில் இன்னொரு சிக்கல். பேண்ட் என்றால் பழைய ஆட்களே கூடி வாசிக்கலாம். சினிமாப் பாட்டில் குரல் போனால் போனதுதான். ‘காதல் ரோஜாவே’, ‘ருக்குமணி’ இரண்டும் எஸ்.பி.பி.; அவர் 2020 செப்டம்பரில் மறைந்தார். வேறு ஆள் பாடலாம், நன்றாகவும் பாடலாம். எதிரொலி குறைக்கிற மிக்ஸ் வேலை எதுவும் ‘ரோஜா’வுக்கு வேண்டாம், மேடையில் முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசித்தால் போதும்.

*

குற்றாலத்தில் சாரல் விழா நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: வெம்பிளிக்குக் கிடைத்தது குற்றாலத்துக்கும் கிடைக்கட்டும். ஒரு ராத்திரி, கலைவாணர் அரங்கில், முழு ‘ரோஜா’. ரஹ்மானுக்குத் தேதி இல்லையென்றால் நம்ம பக்கத்து மெல்லிசைக் குழுவே போதும். மற்ற நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.