லட்சுமி கத்தாத அந்தக் காலை

செய்யாறு பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் சின்னக் கொட்டகை. அதில் லட்சுமி என்ற ஜெர்சி கலப்பின மாடு. மூன்று முறை சினை ஊசி போட்டாயிற்று. மூன்று முறையும் மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியது.

"பாலும் வத்திப்போச்சு. தீவனம் விக்கிற விலையில சும்மா கட்டிப்போட முடியுமா? வியாபாரிகிட்ட சொல்லிட்டேன்" என்றார் கணவர். வியாபாரி ஓட்டிப்போனால் மாடு எங்கே போய்ச் சேரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினார்.

கால்நடை மருத்துவர் முதலில் நேரத்தைத்தான் விசாரித்தார். "எப்போ கத்துச்சு? எப்போ ஊசி போட்டீங்க?"

"காலையில கத்தும் டாக்டர். வேலைக்குப் போயிட்டு, மறுநாள் சாயங்காலம் ஓட்டிட்டுப் போவோம்."

"அதுக்குள்ள நேரம் தாண்டிடும்மா. காலையில கத்தினா அன்னிக்கு சாயங்காலமே போடணும். சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில."

பருவ அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும். பிறகு கருமுட்டை வெளியேறும். அது வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திரள் உருவாகி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் அமைதியாக வைத்திருப்பது இதுதான்.

கரு தங்கவில்லை என்றால், சுமார் 17-ம் நாளில் கர்ப்பப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்த மஞ்சள் திரளைக் கரைத்துவிடும். 21-ம் நாள் வாக்கில் மாடு மறுபடி கத்தும். கரு தங்கியிருந்தால் கதை வேறு. நூல் போல நீண்டிருக்கும் அந்தக் கரு, இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தை அனுப்பித் தான் இருப்பதைச் சொல்லும். மஞ்சள் திரள் தப்பிக்கும். சினை நிற்கும்.

புரோஜெஸ்டிரோன் என்றதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இது என் பொண்ணுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையோட பேராச்சே?"

இரண்டு முறை கரு கலைந்து, அப்போதுதான் மூன்றாவது முறையாக மகள் உண்டாகியிருந்தாள்.

"அதே ஹார்மோன்தாம்மா. மனுஷங்களுக்கும் மாட்டுக்கும் ஒண்ணுதான்."

நான்காவது ஊசி சரியான நேரத்தில் விழுந்தது. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தார். 21-ம் நாள் விடியும் முன்பே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தார். லட்சுமி கத்தவில்லை. அசைபோட்டபடி படுத்திருந்தது. 24-ம் நாள் வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூன்று மாதம் கழித்து மருத்துவர் கையால் பரிசோதித்து, சினைதான் என்று உறுதி செய்தார். கணவர் வியாபாரிக்கு போன் போட்டு வேண்டாம் என்றார்.

மாட்டுக்கும் ஏறக்குறைய 280 நாள்தான் கணக்கு. முடிவில் நேரம் குறிப்பது தாயல்ல, கன்று. வளர்ந்த கன்றின் உடலில் கார்டிசால் கூடும்போது, தாயின் புரோஜெஸ்டிரோன் சரிந்து ஈஸ்ட்ரோஜென் ஏறும். ஆக்சிடோசின் சுரந்து வலி எடுக்கும். பயந்தால் அந்தச் சுரப்பு தடைபடும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அன்றிரவு கொட்டகைப் பக்கம் யாரையும் விடவில்லை அந்த அம்மா.

விடியற்காலையில் கிடேரிக் கன்று விழுந்தது. லட்சுமி நக்கத் தொடங்கியது. கைக்குழந்தையோடு பின்வாசலில் நின்று மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆளாக வைக்கோல் எடுத்துக் கன்றைத் துடைத்துவிட்டவர் கணவர்தான்.