டென்னிசனின் அறுநூறு

டென்னிசனின் 'லைட் பிரிகேட்' கவிதையை பி.ஏ. வகுப்பில் பேராசிரியர் மேஜையைத் தட்டிக்கொண்டே வாசித்தார். நாங்களும் பெஞ்சில் தட்டினோம். 'குதிரைக் குளம்பொலி' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது.

அழுத்தம் பெற்ற ஓர் அசை, அடுத்து அழுத்தமற்ற இரண்டு. நம் வாய்பாட்டில் கூவிளம் கூவிளம் என்று வரிக்கு இரண்டு. (ஆங்கிலத்தில் நெடில் குறில் கணக்கில்லை, ஒப்புமை காதுக்கு மட்டும்.) பத்தி முடிவில் கூவிளம் தேமா என்று நிற்கிறது. நிற்குமிடத்தில், ஆறு பத்தியிலும், அறுநூறு என்ற எண். எண் மாறுவதில்லை, முன்னால் வரும் சொல் மாறுகிறது. முதலில் அறுநூறு பேர் போகிறார்கள். நான்காம் பத்தியில் திரும்புவது அந்த அறுநூறு அல்ல. ஐந்தில் அறுநூறில் மிஞ்சியது. தினமும் மாலையில் பாக்கி எடுக்கிறவனுக்கு இது உறைக்கும். பீரங்கிகளும் அப்படியே: போகும்போது வலம், இடம், முன், வரும்போது 'முன்' இருந்த இடத்தில் 'பின்'. தாளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஆள் குறைந்தது ஓசைக்குத் தெரியவில்லை. இதை ஒரு குறையாகவே இன்னும் நினைக்கிறேன்.

போன வருஷம் மேலதிகாரி நீட்டிய வவுச்சர் ஒன்றை, கணக்கு எண் தவறு என்று தெரிந்தே பதிந்தேன். "போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." ஒரு கிழவியின் பென்ஷன் பணம் போயிற்று, மூன்று முறை நடந்தாள். அதன் பிறகுதான் இரண்டாம் பத்தியை மறுபடி எடுத்தேன்.

1854 அக்டோபர் 25, பாலக்ளாவா. உத்தரவில் பிழை. டென்னிசன் அதைப் பத்திரிகையில் படித்தவர்தான். யாரோ தவறிழைத்ததாகச் சொல்லும் வரியே சந்தத்துக்கு ஊற்று என்கிறது மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு. அவ்வரியை அடுத்து மூன்று வரிகள், ஒரே தொடக்கம், ஒரே இயைபு: ஏன் என்று கேட்பது சிப்பாயின் வேலையல்ல என்று மூன்று ஆணி. பெஞ்சில் தட்டியபோது இந்த மூன்றும்தான் கைக்குச் சுகமாயிருந்தன. ஆனால் 'ப்ளண்டர்ட்' என்ற சொல் இயைபு கிடைக்காமல் மூன்றையும் தாண்டிக் காத்திருக்கிறது. ஐந்து வரி தள்ளித்தான் 'ஹன்ட்ரட்' வருகிறது. அரைகுறை இயைபுதான், இருந்தும் தவறும் தலைக்கணக்கும் ஒன்றோடொன்று கட்டுண்டு போகின்றன.

1855இல் தொகுப்பில் சேர்த்தபோது அந்த வரியை டென்னிசன் எடுத்துவிட்டார். அதே வருஷம், கிரிமியாவிலிருந்த சிப்பாய்களுக்கென்று அச்சிட்ட பிரதியில் திரும்பச் சேர்த்தார்.

அதை விட்டுவிட்டு ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன். மேஜையில் தட்ட இன்னும் தோதாக இருக்கிறது.