நிலா சொன்ன பதில்

கோவிலம்பாக்கத்தில் நாம் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. தெருவெல்லாம் ஆழ்குழாய் இறக்கிவிட்ட பிறகும் அதைத் தூர்த்துவிட நமக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. ஆயினும் நம் பேத்திக்கு அது மிகவும் வேண்டிய கிணறு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு "ஓய்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். கிணறும், யாரோ பெரிய மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுவதுபோல், "ஓய்!" என்று திருப்பிச் சொல்லும். "கிணறு என்னோடு பேசுகிறது, தாத்தா" என்பாள். அது பேச்சல்ல, எதிரொலி என்று நாம் விளக்கினால், "இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்பாள். இரண்டும் ஒன்றல்ல என்பது நமக்கே நன்றாக உறைத்தது 2019-ஆம் வருஷத்துச் செப்டம்பர் மாதத்தில்தான்.

அதைச் சொல்லுமுன், சந்திரனை நோக்கி மனிதன் முதன்முதலாகக் குரல் கொடுத்த கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மகாயுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விமானங்களைக் கண்டுபிடிப்பதற்கென்று செய்த ராடார் கருவிகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஜான் டிவிட் என்பவர் அவற்றில் ஒன்றைத் திருத்தி அமைத்து, நியூ ஜெர்ஸி கடற்கரைப் பக்கத்தில் நிறுவினார். அதன் ஏரியல், கட்டில் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி வைத்ததுபோல் இருந்ததாம். 1946 ஜனவரி 10-ஆம் தேதி, நடுப்பகலில் சந்திரன் உதயமாகும் வேளையில், கால் விநாடி நேரமே நீடிக்கும் ரேடியோ அலைகளைச் சந்திரன்மேல் ஏவினார்கள். இரண்டரை விநாடி கழித்துக் கருவியின் திரையில் ஒரு சிறு துள்ளல் தெரிந்தது. போன அலை திரும்பி வந்துவிட்டது! இத்தனைக்கும் அந்த முகூர்த்தத்தில் டிவிட் அங்கே இல்லை. சாப்பிடவும் சிகரெட் வாங்கவும் வெளியே போயிருந்தாராம். சரித்திரம் சாப்பாட்டு வேளைக்காகக் காத்திருப்பதில்லை.

அதென்ன இரண்டரை விநாடிக் கணக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ரேடியோ அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறான். போக ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேல், வர அவ்வளவே. ஆனால் போகிற அலை எவ்வளவு, வருகிற அலை எவ்வளவு என்று பார்த்தால்தான் பரிதாபம் தெரியும். போகும் வழியிலேயே அலை பரந்து விரிந்துவிடுகிறது. சந்திரன்மேல் விழும் சொற்பத்திலும் நூற்றுக்கு ஆறு ஏழு பங்குதான் திரும்புகிறது. அதுவும் எட்டுத் திசையிலும் சிதறுகிறது. ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி சோல்டான் பாய், யுத்தத்தில் கருவிகளையெல்லாம் பறிகொடுத்த பிறகும் விடாமல் முயன்றார். ஒரு தடவை வரும் எதிரொலி காதுக்கு எட்டாது என்று தெரிந்து, திரும்பத் திரும்ப அலைகளை அனுப்பி, வந்த துளிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைத்துப் பார்த்தார். 1946 பிப்ரவரி 6-ஆம் தேதி அவருக்கும் சந்திரன் செவி சாய்த்தான். உண்டியலில் காலணாவாகப் போட்டுச் சேர்த்த பணம் என்று அதைச் சொல்லலாம்.

அன்று கிடைத்தது வெறும் எதிரொலிதான். ஆனால் அதனால் ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தது. நெடுந்தூரத்து ரேடியோ நிலையங்களைச் சிற்றலையில் நாம் கேட்க முடிவதற்குக் காரணம், பூமிக்கு மேலே மின்சாரம் ஊறிய ஆகாய அடுக்குகள் அவ்வலைகளைத் திருப்பி அனுப்புவதுதான். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா பல வருஷங்கள் ஆராய்ந்து, 1947-இல் வெளியிட்ட பெரிய நூலும் இந்த மேல் ஆகாயத்தைப் பற்றியதே. அந்த அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு நம் குரல் அப்பால் போகுமா என்பதுதான் கேள்வி. தக்க அலைநீளமாக இருந்தால் போகும், திரும்பியும் வரும் என்று சந்திரன் சாட்சி சொல்லிவிட்டான்.

தூரத்தை அளக்கிற வேலை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1802-ஆம் வருஷம் ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேயர், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். நம் ஊரை ஒட்டிச் சென்ற கோடு அது. கோடை வெயிலில் அங்குலம் பிசகாமல் ஏறக்குறைய 400 தடவை சங்கிலியைக் கிடத்த வேண்டியிருந்தது, வாரக்கணக்கில் நடந்தது. இந்தியா முழுவதையும் அளந்த வேலைக்கு அதுவே பிள்ளையார் சுழி. சந்திரன் வரைக்கும் சங்கிலி போட இரண்டரை விநாடி போதும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இனி 2019-க்கு வருவோம். ஜூலை 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-2, செப்டம்பர் 7-ஆம் தேதி பின்னிரவில் விக்ரம் என்னும் கலத்தைச் சந்திரனில் இறக்குவதாக ஏற்பாடு. அன்று நம் வீட்டில் யாரும் தூங்கவில்லை. எட்டு வயசுப் பேத்தியும் டெலிவிஷன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி சுமாருக்கு, நிலாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஓடினாள். "நிலாவையே காணோம், தாத்தா!" என்று திரும்பி வந்தாள். வளர்பிறை அரை நிலா நள்ளிரவை ஒட்டியே மேற்கே இறங்கிவிட்டது. நாம் காத்திருந்த இடம் நம் கண்ணுக்கே மறைந்திருந்தது. தரைக்கு 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக நடந்தது என்றார்கள். அப்புறம் திரையில் பாதை காட்டிய பச்சைப் புள்ளி சற்றே விலகிற்று, நின்றது. இஸ்ரோ தலைவர் சிவன், கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு குடியானவர் மகன், தழுதழுத்து நின்ற காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது. நம் வீட்டில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த நாள் இரவு 9 மணிக்குத் தாம்பரம் திசையில் நிலா தெரிந்தது. "இப்போது கூப்பிட்டால் விக்ரமுக்குக் கேட்குமா?" என்று பேத்தி கேட்டாள். உண்மையிலேயே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்கர்களும் கலிபோர்னியாவிலிருந்த தங்கள் பெரிய ஏரியலைத் திருப்பி, 12 கிலோவாட் சக்தியுடன் விக்ரமை அழைத்தார்கள். கனடாவில் ரேடியோவைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர், தம் வீட்டுக் கருவியில் அந்த அழைப்பைப் பதிவு செய்து உலகத்துக்குத் தெரிவித்தார். அவர் பிடித்தது கலிபோர்னியாவிலிருந்து நேரே வந்த குரல் அல்ல; சந்திரன்மேல் பட்டுத் திரும்பிய எதிரொலி. விக்ரமை நோக்கிப் போன அழைப்பு, விக்ரம் கிடந்த மண்ணில் மோதிச் சத்தமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அழைக்கப்பட்டவன் மட்டும் வாய் திறக்கவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று நாம் கிணற்றங்கரைப் பக்கம் போகவில்லை.

ஆனால் எதிரொலியை அவ்வளவு மட்டமாக நினைத்துவிடுவதும் தவறு. பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராயிருக்க, 2008 அக்டோபர் 22-ஆம் தேதி சென்ற சந்திரயான்-1 நினைவிருக்கும். அது, வெயிலே படாத துருவப் பள்ளங்களில் ராடார் அலைகளை வீசி, எதிரொலியைக் கொண்டே பனிக்கட்டியின் அடையாளங்களைத் தேடியது. 2009 ஆகஸ்டு 29-ஆம் தேதி அதன் குரல் அடங்கிற்று. ஏழு வருஷம் அது இருக்கும் இடம் தெரியவில்லை. 2016 ஜூலை 2-ஆம் தேதி, கலிபோர்னியாவிலுள்ள 70 மீட்டர் ஏரியலிலிருந்து, சந்திரனின் வட துருவத்துக்குச் சற்று மேலே ராடார் அலைகளைக் குறிவைத்துக் காத்திருந்தார்கள். வேறோரிடத்தில் இருந்த 100 மீட்டர் ஏரியல் செவி கொடுத்துக் கேட்டது. நாலு மணி நேரத்தில் இரண்டு தடவை ஏதோ ஒன்று குறுக்கே போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், அது நம் சந்திரயானேதான்! பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ள பெட்டி, நம் வீட்டு அரிசிக் குதிரைவிடப் பெரிதல்ல. சந்திரனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் யாருக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேசச் சக்தியில்லாத பிள்ளை, இருக்கிறேன் என்று மட்டும் தெரிவித்தான்.

விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் சந்திரயான்-3 சென்று, 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலை இரண்டாவது விக்ரம் பத்திரமாக இறங்கியதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அன்று கோவிலம்பாக்கத்துத் தெருக்களில் வெடித்த பட்டாசுச் சத்தம் தீபாவளியைத் தோற்கடித்தது. அந்த விக்ரமும் சந்திரனின் நீண்ட இரவில் உறங்கப் போய், செப்டம்பர் 22-ஆம் தேதி எழுப்பியபோது எழவில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி, சந்திரனைச் சுற்றிவரும் ஓர் அமெரிக்கக் கலம், 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து விக்ரமை நோக்கி லேசர் ஒளியை வீசிற்று. விக்ரமின் மேல் இரண்டு அங்குல அகலத்தில் எட்டுப் பட்டகங்கள் பதித்த ஒரு சிறு குமிழ் உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம், உறக்கமும் இல்லை. வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பியது.

இதைப் பேத்திக்குப் படித்துக் காட்டினோம். இப்போது வளர்ந்துவிட்டாள், கணக்கில் நம்மைத் திருத்துகிற பருவம். "அதற்கும் இரண்டரை விநாடி ஆகியிருக்கும்" என்று நாம் பழைய நினைவில் சொன்னோம். "போக 100, வர 100, ஆக 200 கிலோமீட்டர்தானே, தாத்தா? விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் கிணற்றிலிருந்து "ஓய்!" என்று கேட்டது.